ஜூடோ என்னும் மென்னெறி

தோற்றுவாய்

வலியார் மெலியாரை வெல்லுதல் உலகியல்பு. அதனை வியப்பார் எவருமிலர். மெலியார் வலியாரை வென்றனர் எனின் அன்றே கேட்போர் செவி சாய்க்கின்றனர். அங்ஙனம் வெல்லுதற்கு ஒரு முறையுண்டோ, அம்முறையைக் கண்டவர் யாவர், அதனை யாவரும் பயிலலாகுமோ என்று அறிய விழைதல் மக்கட்கு இயற்கை. ஜப்பான் நாட்டிற் பிறந்து, இன்று உலகெங்கும் பரவியுள்ள ஜூடோ என்னும் மற்கலை இவ்வினாக்களுக்கு விடை தருவதாகும். அதன் தோற்றத்தையும் அதனுள் உறையும் கருத்தையும் இயன்ற அளவு இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு ஜப்பானியர் மற்போரோடு என்ன தொடர்பு என்று வினவுவார்க்கு முதற்கண் விடை கூறுதல் என் கடன். யான் பூந்தமல்லியைச் சார்ந்தவன். எங்களூரில் பார்வையற்ற மாணவர்க்கென அரசினர் நடத்தும் பள்ளி ஒன்றுண்டு. மாலை வேளைகளில் அப்பள்ளிச் சிறார் ஒருவர் தோள்மேல் ஒருவர் கையை வைத்துக்கொண்டு, முன்னிற்பவன் கோலால் தரையைத் தட்டிச் செல்ல, பெருஞ்சாலையின் ஓரமாய் வரிசையாக நடந்து செல்லும் காட்சி எங்களூரார் யாவரும் அறிந்ததே. அவருட் சிலர்க்குச் சனிக்கிழமைகளில் பாடநூல்களை வாசித்துக் காட்டுதல் என்போன்ற நண்பர் சிலரின் வழக்கம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒருநாள், பாடம் முடிந்த பின்னர்ச் செய்தித்தாளை வாசித்தேன். பாரிஸ் மாநகரில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக் பந்தயத்தில், கபில் பர்மார் என்னும் பார்வை குன்றிய இந்திய வீரர் ஜூடோவில் வெண்கலப் பதக்கம் பெற்றார் என்பது செய்தி. கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் இடைமறித்து, "அண்ணா, கண் தெரியாதவர் எப்படி மற்போர் செய்வார்? எதிரி எங்கே நிற்கிறான் என்று அவருக்கு யார் சொல்லுவார்கள்?" என்றான். யான் விடையறியேன். "எல்லாம் பயிற்சியினால் வருவதுதான்" என்று மழுப்பினேன். அவனோ விட்டானல்லன். "தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லுங்கள், அண்ணா. அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றான். நாணமுற்றேன், நூல்களைத் தேடினேன். அங்ஙனம் தேடிக் கண்டவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

'ஜூ' என்பது மென்மை, நெகிழ்வு, வளைந்து கொடுத்தல் என்னும் பொருள்களைத் தரும் சொல். 'டோ' என்பது வழி எனப் பொருள்படும். சீனர் 'தாவோ' என்று வழங்கும் சொல்லின் ஜப்பானிய வடிவமே அது. நம் மொழியில் நெறி என்னும் சொல் நடக்கும் பாதையையும் ஒழுகும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறித்தல் போல, அச்சொல்லும் இரண்டையும் குறிக்கும். ஆதலின் ஜூடோவை மென்னெறி என்று மொழிபெயர்த்தல் பொருந்தும். மென்மை வன்மையை அடக்கவல்லது என்னும் கருத்து பழைய சீனப் போர்நூல்களிலேயே காணப்படுவது. வெள்ளம் பெருகி வருங்கால் நிமிர்ந்து நின்ற மரம் வேரோடு வீழ, வளைந்து கொடுத்த நாணல் வெள்ளம் வடிந்த பின் நிமிர்ந்து நிற்றலை நாமும் அறிவோம். எனினும், வளைதல் வேறு, அஞ்சி ஒதுங்குதல் வேறு. நாணல் தன் வேரை விட்டு அகலுவதன்று. இவ்வேறுபாட்டை உளத்திற் கொண்டாலன்றி இக்கலையின் கருத்து விளங்காது.

களைய வேண்டிய ஒரு கதை

கிழக்கு நாடுகளின் மற்கலைகளைப் பற்றிப் பேச்செழுந்தால், "அவையெல்லாம் நம் காஞ்சியிலிருந்து போதிதருமர் கொண்டு சென்றவையல்லவோ?" என்று பெருமிதத்தோடு கூறுவார் நம்மிடைப் பலர். எங்களூர் வழியே செல்லும் சாலை காஞ்சிக்குச் செல்லும் சாலையாதலின், இக்கதையை நம்ப எனக்கும் ஆசையே. ஆயினும் ஆசை வேறு, சான்று வேறு. போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல்களுள் 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒன்று அவரைப் பாரசீகத்தினின்று வந்தவர் என்கின்றது; வேறொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கின்றது. இவ்விரண்டனுள் எதுவும் அவர் மற்போர் பயிற்றினார் என்று கூறவில்லை. ஷாவோலின் மடத்துத் துறவியர்க்கு அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்னும் செய்தி, அவர் காலத்திற்குப் பன்னூறு ஆண்டுகள் கழித்து, பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய நூலொன்றிலேயே முதன்முதல் தலைகாட்டுகின்றது. அதுவும் சீனர் மற்கலையைப் பற்றியதேயன்றி ஜூடோவைப் பற்றியதன்று. ஜூடோவின் பிறப்போ பிறந்த ஆண்டும் இடமும் தெளிவாகத் தெரிந்த அண்மைக்கால நிகழ்ச்சி. பிறர் தோட்டத்துக் கனியை நம்முடையது என்று கூறிக் கொள்ளுதலினும், அதன் சுவையை உள்ளவாறு அறிதலே நமக்குப் பெருமை தருவது.

பழைய ஜூஜுத்சு

ஜப்பானில் சாமுராய் எனப்படும் போர்மறவர் வாளும் வில்லும் பயின்றதோடு, படைக்கலமின்றிப் போரிடும் முறையையும் பயின்றனர். இதற்கு ஜூஜுத்சு என்பது பொதுப் பெயர். ஆசிரிய பரம்பரை தோறும் வேறு வேறு மரபுகள் கிளைத்தன. பிடித்தல், எறிதல், மூட்டை முறுக்குதல், கழுத்தை நெரித்தல், உயிர்நிலைகளில் தாக்குதல் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும். நுட்பங்கள் மாணாக்கரல்லாதார்க்கு மறைக்கப்பட்டன.

1868-இல் மெய்ஜி ஆட்சி தோன்றியது. மேனாட்டு முறைகள் வெள்ளமெனப் புகுந்தன. சாமுராய் என்னும் வகுப்பே கலைந்தது. 1876-இல் அவர் வாளணிந்து வெளியே செல்லுதலும் தடை செய்யப்பட்டது. பழங்கலைகளைப் புதியோர் பட்டிக்காட்டுப் பழக்கமென்று இகழ்ந்தனர். ஜூஜுத்சு ஆசிரியர் பலர் வறுமையுற்றனர். அவருட் சிலர்க்கு ஒரு தொழில் கைகொடுத்தது. எலும்பை முறிக்கக் கற்றவர் அதனைக் கூட்டவும் கற்றிருந்தனர். ஆதலின் முறிந்த எலும்பிற்குக் கட்டுக் கட்டும் மருத்துவராய் அமர்ந்தனர். இது நமக்கு வியப்பளிக்க வேண்டுவதில்லை. குமரி நாட்டு வர்ம ஆசான்மார் அடிமுறையும் மருத்துவமும் ஒருங்கே அறிந்தவரல்லரோ? ஊறு செய்யும் கையே ஊற்றை ஆற்றும் கையாகவும் இருத்தல் கீழ்நாட்டு மரபுகளிற் பொதுவாகக் காணப்படுவது.

கானோ ஜிகோரோ

ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ, இன்று கோபே நகரின் பகுதியாயுள்ள மிகாகே என்னும் ஊரில் 1860-இல் பிறந்தார். சிறு பருவத்தில் தந்தையாருடன் தோக்கியோவிற்கு வந்து, மேனாட்டு மொழிகளைக் கற்கும் பள்ளியிற் சேர்ந்தார். கல்வியில் முதல்வர், உடலிலோ மிகச் சிறியர். ஆகையால் உடல் வலிய மாணவர் அவரை அடித்தும் எள்ளியும் துன்புறுத்தினர். மெலியார்க்கும் வலியாரை எதிர்க்கும் ஆற்றலளிக்கும் ஜூஜுத்சு என்றொரு கலை உண்டெனக் கேள்வியுற்று, அதனைக் கற்க விரும்பினார். காலத்திற்கொவ்வாத கலையெனப் பலர் தடுத்தனர். அவர் எலும்பு கட்டும் மருத்துவர் வீடுகளைத் தேடித் தேடி, அவருள் ஜூஜுத்சு அறிந்தார் உளரோ என வினவித் திரிந்தார். தோக்கியோப் பல்கலைக் கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்த 1877-இல், புகுதா ஹச்சினோசுகே என்பார் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார்.

புகுதா வாய்ச்சொல்லால் விளக்குபவரல்லர். ஒருநாள் அவர் எறிந்த எறியின் நுட்பம் யாதென மாணவர் வினவ, "வா" என்று அழைத்து மீண்டும் எறிந்தார். எழுந்து மீண்டும் வினவ, மீண்டும் எறிந்தார். பன்முறை வீழ்ந்தாலன்றி அறிவு வாராது என்பது அவர் கொள்கை. கானோ இதனை நன்றியோடு நினைவுகூர்ந்தாரேனும், தாம் ஆசிரியரானபோது இம்முறையைக் கைக்கொண்டிலர். ஏன், எதனால் என்று ஆராய்ந்து விளக்குதலே தம் முறையாக்கினார். பழங்கலை புதுக்கல்வியானது இவ்விடத்திலே என்று கூறுதல் தகும்.

புகுதா 1879-இல் மறைந்தார். அடுத்த ஆசிரியராகிய இசோ மசத்தோமோவும் 1881-இல் மறைந்தார். அதன்பின் கித்தோ மரபினரான ஈகுபோ சுனேதோஷி என்பாரை அடைந்தார். ஈகுபோ எறிதலில் வல்லவர். ஒருநாள் பயிற்சியில், எறியப்படுபவராகவே இருந்துவந்த கானோ ஆசிரியரை மீண்டும் மீண்டும் எறிந்தார். வியப்புற்ற ஆசிரியர் காரணம் வினவினார். எறிதற்கு முன்னர் எதிரியின் நிலையைக் குலைத்துவிட வேண்டும் என்னும் உண்மையைத் தாம் கண்டுகொண்டதாக மாணவர் கூறினார். "இனி உனக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்னும் கருத்துப்பட உரைத்து, ஆசிரியர் தம் மரபின் சுவடிகளை அவரிடம் ஒப்புவித்தார் என்பர். மாணவன் தன்னை வென்றமைக்கு மகிழும் ஆசிரியரைப் பெறுதல் எந்நாட்டிலும் பெரும்பேறேயாம்.

1882-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், தோக்கியோவில் ஏஷோஜி என்னும் புத்தர் கோயிலில் ஓரிடம் பெற்று, கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். கோதோக்கான் என்பது அதன் பெயர். நெறி பயிலும் கூடம் என்பது அதன் பொருள். பன்னிரண்டு வைக்கோற்பாய்கள் விரித்த அளவே அவ்விடம். நம் கணக்கில் ஏறக்குறைய 200 சதுர அடி. முதலாண்டில் மாணாக்கர் ஒன்பதின்மர். அவர் ஒருவரையொருவர் எறியும்போது கோயிற்றளம் அதிர்ந்தது. நீத்தார் நினைவுப் பலகைகள் நிலைபெயர்ந்தன. கோயிற் குரவர் பலமுறை முறையிட்டார். இரவில் கானோவே தரையின் கீழ் நுழைந்து, நெகிழ்ந்த பலகைகளைச் செப்பனிட்டதுமுண்டு. இத்தகைய எளிய தொடக்கமுடைய பள்ளி, 1886ஆம் ஆண்டை அடுத்துத் தோக்கியோக் காவற்படையினர் நடத்திய போட்டிகளில் பழைய மரபினரை வென்று பெயர் பெற்றது.

மூன்று நிலைகள்

ஜூடோவின் நுட்பத்தை விளக்கக் கானோ ஓர் எண்கணக்கைக் கூறுவது வழக்கம். எதிரியின் வலிமை பத்து. என் வலிமை ஏழு எனக் கொள்க. அவன் முழு வலிமையோடு என்னைத் தள்ளுகின்றான். எதிர்த்து நிற்பின் பத்து ஏழை வெல்லும், யான் வீழ்வேன். எதிர்க்காமல், அவன் தள்ளும் அளவிற்கு யான் பின்வாங்கி, என் நிலையை மட்டும் காத்துக் கொள்வேனாயின், தாங்குவாரின்றி அவன் முன்சாய்வான். சாய்ந்த நிலையில் அவன் வலிமை முழுதும் பயன்படாது, மூன்றளவே எஞ்சும். நிலை குலையாத எனக்கோ ஏழும் உண்டு. அந்நொடியில் என் வலிமையிற் பாதியைக் கொண்டே அவனை வீழ்த்தலாம். பூட்டிய கதவென்று கருதித் தோளால் இடிக்கச் சென்றவன், அது தாழிடப்படாமல் திறந்துகொள்ள, உள்ளே குப்புற விழுதலை ஒப்பது இது.

இச்செயலை மூன்று நிலைகளாகப் பகுப்பர். குஸுஷி என்பது எதிரியின் நிலையைக் குலைத்தல். முன், பின், வலம், இடம், அவற்றினிடைப்பட்ட கோணங்கள் நான்கு ஆக எட்டுத் திசைகளில் ஒருவன் நிலை குலையும். சுகுரி என்பது குலைந்தவனை எறிதற்கேற்பத் தன்னுடலைப் பொருத்திக் கொள்ளுதல். காகே என்பது எறிதல். காண்போர் கண்ணுக்குப் புலனாவது மூன்றாவதே; வெற்றியைத் தருவது முதலாவது.

இம்மூன்றிற்கும் முன்னதாக மாணாக்கன் கற்பது ஒன்றுண்டு. அதுவே உகேமி, அதாவது ஊறின்றி வீழும் முறை. வீழும்போது முகவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்து, கையை நீட்டித் தரையை அறைந்து, வீழ்ச்சியின் வேகத்தை உடல் முழுதும் பரப்புதல் வேண்டும். கையை ஊன்றி வீழ்பவன் மணிக்கட்டை முறித்துக் கொள்வான்; பின்னர்ப் புத்தூர்க் கட்டே அவனுக்குத் துணை. எறியக் கற்குமுன் வீழக் கற்பிக்கும் இவ்வொழுங்கு என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது. நம் கல்வியில் வெல்லும் வகை கற்பிக்கப்படுகின்றது. வீழும் வகை கற்பிக்கப்படுவதில்லை. தேர்விற் பிழைத்த மாணவன் தலையெடுக்க மாட்டாது மாழ்குதலைக் காணும்போது, உகேமி பாய்விரித்த கூடத்திற்கு மட்டும் உரியதன்று எனத் தோன்றுகின்றது.

பயிற்சி இருவகைத்து. கட்டா என்பது வரையறுத்த முறைப்படி இருவர் செய்து காட்டுவது. ரந்தோரி என்பது வரையறையின்றி இருவர் தம்முள் பொருது பழகுவது. உயிர்நிலைத் தாக்குகளைக் கட்டாவில் மட்டும் வைத்து, ரந்தோரியினின்று விலக்கினார் கானோ. ஊறஞ்சாது முழுவேகத்தோடு நாடோறும் பழகும் வாய்ப்பு இதனால் மாணாக்கர்க்குக் கிட்டியது. போட்டியில் எதிரியை முதுகு தரையிற்பட விசையோடு எறிதல், தரையில் அசையாது பிடித்து வைத்தல், கழுத்துப் பிடியாலோ முழங்கைப் பிடியாலோ தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தல் என்பவை முழு வெற்றிக்குரிய வழிகள். தோல்வியை ஒப்புபவன் கையால் இருமுறை தட்டுவான். தட்டிய அக்கணமே மற்றவன் பிடியை விடுதல் வேண்டும். பகைவன் போல் நிற்பவன் கையில் தன் கழுத்தை ஒப்புவிக்கும் அத்துணை நம்பிக்கை இவ்விளையாட்டிற்கு அடிப்படை.

இரு கொள்கைகள்

வளைந்து கொடுத்தல் ஒன்றே ஜூடோ எனக் கருதற்க. பின்னிருந்து ஒருவன் இறுகத் தழுவிக் கொண்டால் வளைந்து கொடுத்துப் பயனில்லை. அவன் விரலொன்றைப் பற்றி மடக்குதலே வழி. இதனை எண்ணிய கானோ, எல்லா நிலைக்கும் பொருந்தும் பொதுவிதி யாதென ஆராய்ந்தார். உடலாற்றலையும் மன ஆற்றலையும் வீணாக்காது மிக நல்ல வகையிற் பயன்படுத்துதல் என்பதே அவர் கண்ட விதி. இதனை ஸெய்ர்யோக்கு ஸென்யோ என்பர். மற்றொன்று ஜிதா கியோயெய். தானும் பிறரும் ஒருங்கே செழித்தல் என்பது அதன் பொருள். 1922-இல் கோதோக்கான் பண்பாட்டுக் கழகத்தை நிறுவியபோது இவ்விரண்டையும் உலகறியக் கூறினார்.

இரண்டாம் கொள்கை வெறும் அறவுரையன்று, பயிற்சியினின்றே பிறந்தது. தனியே நின்று ஜூடோ கற்றல் இயலாது. என்னை எறிவதற்கு ஒருவனும், என்னால் எறியப்படுவதற்கு ஒருவனும் வேண்டும். அவனை ஊறுபடுத்தினால் நாளை எனக்குத் துணையில்லை. அவன் திறன் வளர்ந்தாலன்றி என் திறன் வளராது. இதனாலேதான் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் ஒருவரையொருவர் வணங்குகின்றனர்.

இவ்விடத்தில் நம் புறநானூறு நினைவிற்கு வருகின்றது. ஆமூர் மல்லனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, ஒரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே நிற்க, பசித்த யானை மூங்கிலை முறிக்க முயல்வது போலத் தலையும் காலும் முறிய மோதிய நிலையைப் புலவர் நம் கண்முன் நிறுத்துகின்றார். கால்களின் வேலையை இத்துணை நுணுக்கமாய்க் கண்டவர் மற்கலையின் இயல்பை நன்கு அறிந்தவரேயாவர். பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பெயர் பூண்டதும் இக்கலைக்கு நம் நாட்டிலிருந்த மதிப்பைக் காட்டும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. ஆமூரில் வீழ்ந்த மல்லனை அழித்தலே வெற்றி. கோதோக்கானிலோ வீழ்ந்தவன் எழுந்து, வீழ்த்தியவனை வணங்கி, மீண்டும் பிடி கொள்ளுகின்றான். ஒரே கலை போர்க்களத்தினின்று கல்விக்கூடத்திற்கு நடந்த தொலைவை இவ்வேறுபாடு அளந்து காட்டுகின்றது.

இந்தியாவில் ஜூடோ

நம் நாட்டிற்கு இக்கலை வந்த வரலாறு பெருமைக்குரியது. கவியரசர் இரவீந்திரநாத தாகூர் தம் சாந்திநிகேதனத்தில் 1905-இலேயே சானோ ஜின்னோசுகே என்னும் ஜப்பானியரைக் கொண்டு மாணவர்க்கு இதனைப் பயிற்றுவித்தார். மீண்டும் 1929-இல் அவர் வேண்டுகோளின்படி, கோதோக்கானில் தேர்ந்த தகாகாகி ஷின்ஸோ என்பார் அங்கு வந்து ஏறக்குறைய ஈராண்டு கற்பித்தார். ஆண்களோடு பெண்களும் பாயில் இறங்கிப் பயின்றனர். பெண்கள் வீட்டை விட்டு வெளிவருதலே அரிதாயிருந்த அக்காலத்தில் இது எத்துணைத் துணிவு! பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயாராகிய அமிதா சென் அங்ஙனம் பயின்றோருள் ஒருவர்.

ஜப்பானிலேயே பெண்கள் நிலை எளிதாயிருக்கவில்லை. கானோவின் முதலாசிரியர் புகுதாவின் பேர்த்தியார் கெய்க்கோ புகுதா, 1935-இல் கானோவின் அழைப்பின்பேரில் கோதோக்கானிற் சேர்ந்தார். 1953-இல் ஐந்தாம் படி பெற்றார். அதற்கு மேற்பட்ட படி பெண்களுக்கில்லை என்னும் விதியினால் ஏறக்குறைய இருபதாண்டு அப்படியிலேயே நிறுத்தப்பட்டார். அவர் தளர்ந்திலர், 1972-இல் ஆறாம் படி பெற்றார், 2011-இல், தொண்ணூற்றெட்டாம் வயதில், அமெரிக்க ஜூடோச் சங்கத்தார் பத்தாம் படியை அவருக்கு அளித்தனர். 2013-இல் அவர் உயிர் நீத்தார். ஒருங்கே செழித்தல் என்னும் கொள்கையைக் கூறிய பள்ளியே அதனைப் பெண்களுக்கு முழுதும் வழங்கக் காலம் தாழ்த்தியது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

உலக அரங்கில்

கானோ தொழிலால் ஆசிரியர். தோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராய்ப் பல்லாண்டு விளங்கியவர். சீன மாணவர்க்கென அவர் நிறுவிய பள்ளியில் பயின்றவருள் பிற்காலத்துப் பேரெழுத்தாளர் லூ சுன்னும் ஒருவர். 1909-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஜப்பான் முதன்முதல் கலந்துகொண்டது அவர் முயற்சியாலேயே. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைத் தோக்கியோவிற்குப் பெற்றுத் தந்தார். ஆனால் சீனத்தோடு போர் மூண்டது. 1938-இல் கெய்ரோ நகர்க் கூட்டத்தினின்று திரும்பும் வழியில், மே மாதம் 4ஆம் நாள், கப்பலிலேயே உயிர் நீத்தார். அவ்வாண்டு ஜூலையில் ஜப்பான் அவ்விழாவைத் துறந்தது. போர்க்காலத்தில் அவர் கலையும் படைப்பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டது. 1945-இல் வென்ற நாட்டார் ஜப்பானியப் பள்ளிகளில் அதனைத் தடுத்தனர். 1950-இல் அத்தடை நீங்கியது. நல்ல நெறியும் தீயோர் கையிற்பட்டால் திரியும் என்பதற்கு இதுவே சான்று.

1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற்றபோது ஜூடோ முதன்முதல் சேர்க்கப்பட்டது. எடை வரையறையில்லாப் பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரர் கமினாகாவை ஹாலந்து நாட்டு அந்தோன் ஹேசிங்க் வென்றார். ஹேசிங்க் ஆறரையடி உயரமுள்ளவர். மெலியார் வலியாரை வெல்லும் கலையில் பெரியவரே வென்றனர் எனச் சிலர் நகைத்தனர். உண்மை யாதெனின், இருவரும் ஒத்த திறமுடையராயின் உடல் வலிமையும் கணக்கில் வரும்; அதனாலேயே எடைப் பிரிவுகள் ஏற்பட்டன. மென்னெறி மந்திரமன்று. ஆனால் அன்று நிகழ்ந்த பிறிதொன்று நினைவிற்குரியது. வெற்றிக் களிப்பால் தம் நாட்டார் பாயின்மேல் ஓடிவர முயல, ஹேசிங்க் கையுயர்த்தி அவரைத் தடுத்தார். தோற்றவரை முறைப்படி வணங்கிய பின்னரே வெளிவந்தார். கானோவின் நெறியை அவர் அயல்நாட்டாராயிருந்தும் நன்கு கற்றிருந்தார்.

கண்ணின்றிக் காணுதல்

இனி என் மாணவ நண்பனின் வினாவிற்கு வருவாம். பார்வையற்றோர் ஜூடோ 1988-இல் சியோல் நகரில் மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கு 2004-இல் ஏதென்ஸ் நகரில் இடங்கிடைத்தது. விதிகளில் மாற்றம் மிகச் சிறிதே. வழக்கமான போட்டியில் இருவரும் விலகி நின்று, பிடி கொள்ளப் போராடுவர். பார்வையற்றோர் போட்டியில் இருவரும் ஒருவர் ஆடையை ஒருவர் பற்றிய பின்னரே நடுவர் தொடங்கச் சொல்லுவார். பிடி விட்டுப் போயின் நிறுத்தி, மீண்டும் பற்றச் செய்வார். எதிரி எங்கே நிற்கின்றான் என்பதை எவரும் சொல்ல வேண்டுவதில்லை. அவன் கை என் ஆடையிலும் என் கை அவன் ஆடையிலும் உள்ளன. அவன் காலெடுத்து வைக்கும்முன் அவன் தோள் அசையும். அவ்வசைவு ஆடை வழியே என் விரலுக்கு எட்டும். நிலை குலைதலைக் கண்ணினும் கை விரைந்து அறியும்.

கபில் பர்மார் மத்தியப் பிரதேசத்தார். சிறுவயதில் வயலில் நீரிறைக்கும் பொறியின் மின்னோட்டம் தாக்கிப் பார்வை குன்றியவர். வாழ்க்கைக்குத் தேநீர்க் கடையும் நடத்தியவர். 2024 செப்டம்பர் 5ஆம் நாள் பாரிஸில் அவர் வெண்கலப் பதக்கம் வென்றமை, மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக் ஜூடோவில் இந்தியா பெற்ற முதற்பதக்கமாகும்.

முடிவுரை

அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லிப் பள்ளிக்குச் சென்று, படித்தவற்றைக் கூறினேன். பதக்கத்தையும் ஒலிம்பிக்கையும் பற்றி யான் விரித்துரைத்தபோது அம்மாணவன் பொறுமையாய்க் கேட்டான். உகேமியைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். "விழுவதற்கென்று தனியாகப் பாடமா? அண்ணா, அதை எங்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாமே!" என்றான். சுற்றியிருந்தோர் நகைத்தனர். அவன் தன் முழங்காலில் இருந்த தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தான். மூடப்படாத சாக்கடைகளும், தோண்டிப் போட்ட சாலைகளும் நிறைந்த எம் புறநகரில் அவர் நாடோறும் வீழ்கின்றனர். அவ்வீழ்ச்சியை யாம் காண்கின்றோம், கைதூக்கி விடுகின்றோம், வீழும் முறையைக் கற்பிக்க எவரும் எண்ணியதில்லை.

ஆதலின் இக்கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். நம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடம் சனிக்கிழமை மாலைகளில் வெறிதே கிடக்கின்றது. சென்னையில் ஜூடோ அறிந்த ஆசிரியர் உளர். விரிப்புகள் சில வாங்கவும், ஆசிரியர் ஒருவரை அமர்த்தவும் பழைய மாணவர் மனம் வைப்பின், நம் மாணவரும் பூந்தமல்லிப் பள்ளி மாணவரும் ஒரே விரிப்பில் ஒருங்கு பயிலலாம். கருணையால் அவர்க்குச் செய்வது இது எனக் கருதற்க. பிடித்த பிடியாலேயே எதிரியின் நிலையை அறியும் கலையில் அவரே நமக்கு ஆசிரியராதல் கூடும். அவர் நம்மை எறிவர், யாம் வீழ்வோம், எழுந்து வணங்குவோம். தானும் பிறரும் ஒருங்கே செழித்தல் என்று கானோ கூறியது அதுவேயன்றோ?